கனகவல்லியின் ஆபிரிக்கப் பயணத்தை நிறுத்தித் தரக் கேட்டு மச்சானுக்கு

மிட்சம், லண்டன்
ஞாயிறு மாலை

பெருமதிப்புக்குரிய மச்சான் அருள்நேசன் அவர்களுக்கு,

பாலேந்திரா எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் தங்கை கனகவல்லியும் முழங்கால் நீங்கலாக நலம். பார்க்கிங் நகரில் நீங்களும் உங்கள் துணைவி சுவர்ணாவும் வீட்டைச் சூடாக்கும் அந்தப் பழுதுபார்த்த பாய்லரும் அவ்வாறே நலமாக இருக்க முருகன் துணை. வாட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கென்று யோசிப்பீர்கள். போன முறை உங்களுக்கு மட்டும் என்று நினைத்து அனுப்பியது குடும்பக் குழுவில் விழுந்து, சம்பந்தி வீட்டார் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. ஆகவே முத்திரை ஒட்டுகிறேன்.

விடயம் இதுதான். கனகவல்லி முதியோர் இல்ல வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அன்று, கேக் வெட்டி, பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே, "இஞ்சாருங்கோ, நாங்கள் ஆபிரிக்காவுக்குப் போறம்" என்றாள். கேக்கில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். கென்யாவில் மாசாய் மக்கள் தங்கள் மேய்ச்சல் நிலங்களை ஒன்றுசேர்த்து, யானைக்கும் சிங்கத்துக்கும் இடம் விட்டு, தாங்களே நடத்துகிற காப்பகமாம். போகிறவர்கள் கூடாரத்தில் தங்குவார்களாம். அந்த வருமானத்தில் பள்ளிக்கூடமும் மருத்துவ நிலையமும் நடக்கிறதாம். நல்ல காரியம், இங்கிருந்தே நன்கொடை அனுப்பலாமே என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர ஏலாது.

மறுவாரமே மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்த ஊசி போடுவதில்லை என்று தாதி சொன்னதும், எனக்கு முட்டை சிறு வயதிலிருந்தே ஆகாது என்றேன். "காலமையும் ரெண்டு முட்டை சாப்பிட்டவர், மிஸ்" என்றாள் உங்கள் தங்கை. கை இரண்டு நாள் வலித்தது. பிறகு உடுப்பு. கடும் நீலம் போட்டால் அங்கே ஒருவகை ஈ தேடி வந்து கடிக்குமாம். நான் காலமெல்லாம் சீருடை போட்டு பஸ் ஓட்டியவன், என்னிடம் இருப்பதே கடும் நீலம்தான். ஆகவே பக்கத்து ஊரான மோர்டனில் ஒரு கடையில் சேற்று நிறத்தில் காற்சட்டை வாங்கித் தந்தாள். அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன்; தண்ணீர்க் குழாய் எப்போது சரியாகும் என்று ஐயர் என்னிடம் கேட்டார்.

பிறகு காப்பகத்தை நடத்தும் நசேரியான் என்ற பெண்மணியோடு வீடியோவில் பேசினோம். வேலி இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லை. வேலி போட்டால் யானை எப்படிப் போகும்?"

"கூடாரத்துக்குள் வந்தால்?"

"கூடாரத்துக்குள் யானைக்கு என்ன வேலை?"

நியாயமான பதில்தான். ஆனால் எனக்கு அதன்பிறகு நித்திரை இல்லை. நான் மேலும் கேட்கக் கேட்கப் பொறுமையாகச் சொல்லிவிட்டு, "இப்போது என் முறை. உங்களிடம் எத்தனை மாடு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். அவர் கனகவல்லியைப் பார்த்து, "இருந்தும் இவரோடு இருக்கிறீர்களா?" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள் மச்சான், அப்படிச் சிரித்தார்கள். கனகவல்லிக்கு அப்படியொரு சிரிப்பு இருப்பது எனக்குத் தெரியாது.

இதை வளரவிடக் கூடாதென்று அவளை மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போய், இந்தா சிங்கம், ஊசியும் வேண்டாம், ஈயும் இல்லை என்று காட்டினேன். அது முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. மழைத் தூறலில் நெடுநேரம் நின்று பார்த்தவள், "இதுவும் பாவம், எங்களை மாதிரி கவுன்சில் குடுத்த சின்ன வீட்டிலதான் இருக்குது" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் வரேல்லை, என்னை விடு" என்று திரும்பி வரும் ட்ராமிலேயே கத்திவிட்டேன். அவள் "ஓம், சரி" என்றாள். அவ்வளவுதான். சண்டை பிடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இப்போது பெட்டி அடுக்குகிறாள்.

தனியாகப் போக அவளுக்கு எப்படி மனம் வரும்? ஆகவே மச்சான், மூத்தவர் என்ற முறையில் நீங்கள் ஒரு சொல் சொல்லி நிறுத்த வேண்டும். உங்கள் வீட்டில் சுவர்ணா எவ்வளவு அடக்கமாக இருக்கிறாள் என்று உதாரணம் காட்டினால் நல்லது.

உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், அந்த பாய்லருக்கு இன்னொரு குளிர்காலமும் கிடைக்க வேண்டிக்கொண்டு,

தங்கள் அன்புள்ள
பாலேந்திரா

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்து எழுதுகிறேன். இப்போதுதான் கனகவல்லி சொன்னாள்: "சுவர்ணா மச்சாளும் நானும் போறம். நீங்கள்தானே வரேல்லையெண்டு சொன்னனீங்கள்." சுவர்ணாவுக்கு ஊசியும் போட்டாயிற்றாம். "அப்ப நான்?" என்றேன். "கறி வைச்சு ஃப்ரிட்ஜில வைச்சிட்டுத்தான் போவன்" என்றாள். மச்சான், மேலே எழுதிய எதையும் வாசிக்க வேண்டாம். நானே நசேரியானுக்கு அழைப்பு எடுத்தேன். ஒரு கூடாரம் மிச்சமிருக்கிறதாம், சற்றுத் தள்ளி, யானைகள் தண்ணீருக்குப் போகும் வழியில். ஓம் என்றுவிட்டேன். உங்களுக்கும் சேர்த்துத்தான்.