உங்கள் காரில் நான் மாற்றியவை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். கப்பலில் தங்கள் நலமும், தங்களைச் சுமக்கும் அலைகளின் நலமும் அவ்வண்ணமே இருக்குமென நம்புகிறேன்.

தாங்கள் என்னை நம்பி விட்டுச்சென்ற காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வாரம் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே சத்தம், அதோடு சரி. பேட்டரிதான் செத்துவிட்டதென்று நானே முடிவுகட்டிப் புதிது வாங்கிப் போட்டேன். மறுபடியும் 'டக்'. அப்படியானால் ஸ்டார்ட்டர் மோட்டார்தான் என்று அதையும் மாற்றினேன். 'டக்' மட்டும் மாறவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னாள் உங்கள் அத்தை. எனக்கு ரோஷம். புது பிளக்குகளோடு பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த நேரம் பார்த்து உங்கள் மனைவி மாடிப்படியில் உட்கார்ந்து, "அப்பா, வலி வந்துடுச்சு" என்றாள்.

"கொஞ்சம் பொறும்மா, பிளக்கை மாத்திட்டா கிளம்பிடலாம்!"

"என்கிட்ட ஏம்பா சொல்றீங்க? உள்ள இருக்கறதுகிட்ட சொல்லுங்க!"

நான் பதறித் திரும்பியதில் பிளக் எங்கேயோ உருண்டுவிட்டது. ஆயுசெல்லாம் நர்ஸாக இருந்த உங்கள் அத்தை வந்தாள். "என்ன வியாதின்னே பாக்காம ஒவ்வொரு உறுப்பா மாத்துவீங்களா? தள்ளுங்க. ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்புங்க."

திருப்பினேன். 'டக்'.

"லைட்டு அப்படியே மங்கிப்போச்சு பாருங்க. பேட்டரியும் புதுசு, மோட்டாரும் புதுசு. அப்ப கரண்டு நடுவுல எங்கயோ நிக்குது."

பேட்டரியிலிருந்து வண்டி உடம்புக்குப் போகிற ஒயரை ஆட்டினாள். மறுமுனை கையோடு வந்துவிட்டது. போல்ட் தளர்ந்து, முனையெல்லாம் துரு. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினாள். வண்டி ஒரே உறுமலில் கிளம்பியது.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த சற்று நேரத்தில் பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். அது கிடக்கட்டும், அந்த ஒயரைச் சொல்ல வந்தேன்: அதை மாற்றக்கூட இல்லை மாப்பிள்ளை, தேய்த்ததோடு சரி!

இனி இன்ன கோளாறென்று தெரியாமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடுவதில்லை என்று பேத்தியின் முகத்தைப் பார்த்து வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் கொட்டாவி விட்டாள்.

தங்களுக்குச் சகல சுகமும் பெருக ஆசீர்வதிக்கும்,
மாமா

பி.கு.: இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்விசிறி நின்றுவிட்டது. உள்ளே காயில்தான் எரிந்துவிட்டதென்று பார்த்ததுமே தெரிந்ததால், கழற்றிக் கட்டிலில் கிடத்தி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிட்டேன். தெருவுக்கே கரண்ட் இல்லையென்று உங்கள் அத்தை இப்போதுதான் வந்து சொல்கிறாள்.