கதிரை அக்காவும் நான் வாசிக்காத புத்தகமும்

உலகத்தில் எத்தனையோ மெய்யியலாளர்கள் பிறந்து, யோசித்து, இறந்திருக்கிறார்கள். செத்த வீட்டுக்குச் சொந்தக் கதிரையோடு போன மெய்யியலாளர் எங்கள் கதிரை அக்கா ஒருவர்தான்.

அவருடைய உண்மையான பெயர் தபால்காரருக்கும் வாக்காளர் இடாப்புக்கும் மட்டுமே தெரியும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிப்பித்து ஓய்வு பெற்று, மண்கும்பானில் கடலுக்குக் கிட்ட இருந்த தாய்வழி வீட்டைத் திருத்திக் குடியேறியவர். பெண்ணிய மெய்யியல் என்பது அவருடைய துறை. அதென்னவென்று எங்களுக்குத் தெரியாது. அவரைப் பற்றி மற்றதெல்லாம் தெரியும். தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டார், கோயில் திருவிழாவில் பூசை முடியும் முன்பே வீதியை நாலு தரம் சுற்றிவிடுவார், ஆட்டுக்குட்டியோடு ஆங்கிலம் பேசுவார். புருஷனை அவர் விட்டாரா, புருஷன் அவரை விட்டாரா என்பதில் மட்டும் மண்கும்பானுக்கும் புளியங்கூடலுக்கும் இடையில் கருத்து வேறுபாடு இருந்தது.

கதிரை என்றால் இரும்புச் சட்டத்தில் நீலத் துணி போட்ட மடக்கு நாற்காலி. அதைச் சைக்கிள் கரியரில் பழைய ரியூப்பால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் எங்கும் போவார். விசித்திரம் என்னவென்றால், அவர் அதில் அமர்ந்து ஒருவரும் கண்டதில்லை. மனுசி ஓரிடத்தில் இராது. பேசும்போது நடக்கும், கேட்கும்போது இன்னும் வேகமாக நடக்கும்.

அந்தச் செத்த வீட்டில் நானும் நின்றேன். ஆம்பிளைகள் பந்தலுக்குள் வாடகைக் கதிரைகளில் சாய்ந்திருந்து அரசியல் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வழமைப்படி உள்ளே நிலத்தில். அக்கா வந்தார். ஆம்பிளைகளின் நட்டநடுவில் நீலக் கதிரையை விரித்தார். உள்ளே போய், செத்தவரின் மூத்த சகோதரியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து அதில் இருத்தினார். பிறகு பந்தலைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்.

ஒரு பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளை, பொம்பிளையள் உள்ளுக்கை நிலத்திலை இருக்கிறதுதானே வழமை."

"ஓம் அண்ணை, வழமைதான். அவவின்ரை முழங்காலுக்கு அது தெரியேல்லை."

பெரியவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

நயினாதீவுக்குப் போகிற படகிலும் ஒரு கூத்து நடந்தது. பிள்ளையைத் தோளில் போட்டபடி நின்ற ஒரு தாய்க்கு அக்கா கதிரையை விரித்துக் கொடுத்திருக்கிறார். படகுக்காரர் விடவில்லை. "கதிரைக்கும் ரிக்கெற் எடுக்கோணும், அக்கா."

"எடுக்கிறன். அப்ப கதிரையிலை இருக்கிறவவுக்கு எடுக்கத் தேவையில்லைத்தானே?"

படகுக்காரர் நயினாதீவு இறங்குதுறை வரைக்கும் யோசித்தாராம். கடைசியில் இரண்டுக்கும் வாங்கவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். இந்தப் பத்திரிகைப் பத்தியை எழுதுகிற கை பகலில் புளியங்கூடல் பக்கத்துச் சங்கக்கடை ஒன்றில் அரிசியும் மாவும் நிறுக்கிற கை. பதினெட்டு வருடமாக அங்கே நிற்கிறேன். நிற்கிறேன் என்பதைச் சும்மா சொல்லவில்லை. கடையில் இருந்தது ஒரே ஒரு கதிரை, அது மனேச்சருடையது. அவர் இல்லாத நேரத்தில் அதில் அவர் முகம் துடைக்கிற துவாய் இருக்கும். துவாயை எடுத்துவிட்டு இருக்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அக்கா திங்கட்கிழமைகளில் கதிரையும் கையுமாக மண்ணெண்ணெய்க்கு வருவார். அரிசி மூட்டையிலிருந்து சவர்க்காரத் தட்டு வரைக்கும் நடப்பார், திரும்புவார், மறுபடி நடப்பார்.

"அக்கா, ஒரு இடத்திலை நில்லுங்கோவன். எனக்குத் தலை சுத்துது."

"நிண்டா மூளையும் நிண்டிடும் பிள்ளை. நீர் ஏன் நிக்கிறீர்?"

"நான் வேலை செய்யிறன் அக்கா."

இந்த அளவில் எங்கள் உரையாடல் முடியும். அவர் போத்தலை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கதிரை மட்டும் என் மேசைக்குப் பின்னால் சாத்தியபடி கிடக்கும். நான் பதறியடித்துக்கொண்டு வெளியே ஓடுவேன்.

"அக்கா, கதிரையை விட்டிட்டுப் போறியள்."

அவர் சைக்கிளில் ஒரு காலோடு என்னை நெடுநேரம் பார்ப்பார். "ஓ. மறந்துபோனன்," என்று வாங்கிக் கட்டிக்கொண்டு போவார். ஒரு தரம் இரண்டு தரம் இல்லை, மாசத்துக்கு மூன்று தரமாவது இது நடக்கும். மனேச்சரிடம் சொன்னேன். "அளவுக்கு மிஞ்சிப் படிச்சா அப்பிடித்தான்," என்றார். எனக்கும் அது சரியாகப்பட்டது.

பிறகு அவருடைய புத்தகம் வந்தது. வாசிகசாலையில் வெளியீட்டு விழா. பத்திரிகைக்கு எழுதுகிறவள் என்பதால் நயப்புரை என் தலையில் விழுந்தது. எங்கள் பக்கத்தில் நயப்புரை சொல்லப் புத்தகத்தை வாசித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எழுதியவர் எந்த ஊர், யாருடைய மகள், எப்படிப்பட்ட குணம் என்று தெரிந்திருந்தால் போதும். குரல் நன்றாக இருந்தால் இன்னும் விசேஷம்.

அக்காவுக்கு இந்த வழமை நன்றாகத் தெரியும். அதனால்தானோ என்னவோ புத்தகத்தை அவரே கடைக்குக் கொண்டுவந்தார். மண்ணிற அட்டை, மெல்லிய புத்தகம்.

"பிள்ளை, இஞ்சை எல்லாருக்கும் என்னைத் தெரியும். நான் எழுதினது ஒருத்தருக்கும் தெரியாது. இருபது வருசமா யோசிச்சு எழுதினனான். நீர் ஒருத்தியெண்டாலும் வாசிச்சுப்போட்டுப் பேசும். பிழையெண்டாப் பிழையெண்டு சொல்லும். எனக்கு அது போதும்."

இதைச் சொல்லும்போது அவர் நடக்கவில்லை. அதை நான் கவனித்தேன். "கட்டாயம் வாசிக்கிறன் அக்கா," என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

முன் அட்டையை வாசித்தேன். பின் அட்டையை வாசித்தேன். முதற் பக்கத்தில் ஒரு வசனம் இருந்தது. அதன் முற்றுப்புள்ளிக்குப் போய்ச் சேருவதற்குள் அடுப்பில் சோறு குழைந்துவிட்டது. நாளைக்குப் பார்ப்போம் என்று புத்தகத்தை அரிசிப் பெட்டிக்கு மேல் வைத்தேன். இரண்டு கிழமை அது அங்கேயே கிடந்தது. மனுசியைத்தான் தலைகீழாகத் தெரியுமே, பிறகென்ன என்று எனக்கு ஒரு தைரியம்.

விழாவில் வெளுத்து வாங்கினேன். சைக்கிள், ஆட்டுக்குட்டி, படகு ரிக்கெற், செத்த வீட்டு முழங்கால் என்று ஒன்றையும் விடவில்லை. மண்டபம் சிரித்துச் சிரித்துக் களைத்தது. மண்டைதீவிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். அக்கா மேடையின் ஓரத்தில் நடந்துகொண்டிருந்தார். முதலில் அவரும் சிரித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். நான் கைதட்டலில் மிதந்துபோய் என் இடத்துக்கு வந்தேன்.

ஏற்புரைக்கு அக்கா எழும்பினார் என்று சொல்ல முடியாது, நடந்தபடிதானே இருந்தார். நன்றி சொன்னார். "ஒரு சின்னப் பகுதியை வாசிக்கிறன்," என்று மேசையைத் தடவினார். கொண்டுவந்த பிரதியெல்லாம் முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று கைமாறிப் போய்விட்டன. என் பக்கம் கையை நீட்டினார்.

"உம்மடையைத் தாரும், பிள்ளை."

கொடுத்தேன். அவர் நடுப்பக்கத்தைத் திறக்கப் பார்த்தார். திறபடவில்லை. அச்சகத்தில் ஓரம் வெட்டாமலே கட்டி அனுப்பியிருக்கிறார்கள். தாள்கள் மடித்த மடிப்பிலேயே ஒட்டியபடி கிடந்தன. வாசிக்கிறவர்கள் பிளேட்டால் வெட்டி வெட்டித்தான் வாசிக்க வேண்டும். முதற் பக்கத்தைத் தாண்டாத எனக்கு இது எப்படித் தெரியும்?

அக்கா என்னைப் பார்த்தார். நூறு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினார். மைக்குக்கு முன்னால் நின்று ஒவ்வொரு மடிப்பாகக் கிழித்தார். சர், சர் என்று அந்தச் சத்தம் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது. வெளியீட்டு விழாவில் இதுவும் ஒரு சடங்கு என்று நினைத்து முன்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். நான் கூனிக் குறுகிப்போனேன். அவர் எதை வாசித்தார் என்று ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை.

வாசித்து முடித்துப் புத்தகத்தைத் திருப்பித் தந்தார். "மிச்சத்தை நீர் வெட்டும்," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அடுத்த நாள் ஞாயிறு. குசினிக் கத்தியை எடுத்து வைத்துக்கொண்டு விடியவே தொடங்கினேன். வெட்டினேன், வாசித்தேன், விளங்காததை இரண்டாம் தரம் வாசித்தேன். சோறு வைக்கவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் கத்தி நின்றுவிட்டது.

'ஒரு கடையில் ஒரு பெண் பதினெட்டு வருடமாக நிற்கிறாள். அவளுக்காக ஒரு கதிரையை விட்டுவிட்டு வந்தால், ஓடிவந்து திருப்பித் தருகிறாள். பிறர் பொருளைத் தொடாதவள், நேர்மையானவள். கதிரையில் இருப்பதும் பிறர் பொருள் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் களைக்கமாட்டேன். அவள் ஓடிவராத ஒரு திங்கட்கிழமைக்காகக் காத்திருக்கிறேன்.'

எல்லாருக்கும் அவர் கதிரை விரித்ததைக் கண்டும் கேட்டும் அறிந்தவள் நான். மேடையில் சொல்லிச் சிரிக்க வைத்தவளும் நான். என் மேசைக்குப் பின்னால் சாத்தியதை மட்டும் மறதி என்று நினைத்திருக்கிறேன். அரிசிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

திங்கட்கிழமை அவர் வருவாரோ என்று பயமாக இருந்தது. வந்தார். நடந்தார், மண்ணெண்ணெய் வாங்கினார், போனார். புத்தகத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கதிரை வழக்கமான இடத்தில் சாத்தியிருந்தது.

அதை விரித்து அதில் அமர்ந்தேன். மனேச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, சுகமில்லையோ?"

"நல்ல சுகம். மூண்டாம் அத்தியாயம் வரைக்கும் வாசிச்சிட்டன்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் அதை அவருக்குச் சொல்லவும் இல்லை. வெளியே அக்கா சைக்கிளில் ஒரு காலோடு நின்று கடைவாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழும்பவில்லை. என் வாழ்நாளில் அவர் அவ்வளவு நேரம் அசையாமல் நின்றதை அன்றைக்குத்தான் கண்டேன். பிறகு மணியை ஒரு தரம் அடித்துவிட்டுப் போனார்.

அவரிடம் வேறு கதிரை இல்லை. இப்போது செத்த வீடு, கலியாண வீடு எதுவென்றாலும் என்னிடம் வந்து இரவல் வாங்கிக்கொண்டு போகிறார். கொண்டுவரச் சுணங்கினால் நான் வாசலுக்கும் தராசுக்கும் இடையில் நடந்துகொண்டே இருக்கிறேன். கால் நோகுது, கதிரை வரட்டும் என்று மனேச்சருக்குச் சொல்லுவேன். உண்மையில் நான் பார்த்துக்கொண்டிருப்பது அக்காவைத்தான்.