நாலு கேள்வியும் கிட்டுசாமி அண்ணனின் கொறங்காடும்

எதிரில் இருப்பவர் முகம் வாடினால் கூசாமல் பொய் சொல்லிவிடும் நல்லவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம். இதைத் தெரிந்துகொள்ள என் முனைவர் பட்டத்தையே பணயம் வைக்க வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், மேய்ச்சல் நிலத்தை எவ்வளவு கவனிக்கிறார்கள் என்று தரம் பிரித்து, அதன் மண்ணில் எவ்வளவு கரிமம் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது என் ஆய்வு. உரம் போடுகிறார்களா, தண்ணீர் பாய்ச்சுகிறார்களா, புல்விதை தூவுகிறார்களா, மாடுகளைக் காடு மாற்றி மேய்க்கிறார்களா என நாலு கேள்வி. நாலுக்கும் ஆமாம் என்றால் தீவிரப் பராமரிப்பு. இரண்டு, மூன்று என்றால் நடுத்தரம். அதற்கும் கீழே குறைவு.

காங்கயம் பக்கம் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகளில் (கொறங்காடு என்பார்கள்) இரண்டு மாதம் அலைந்தேன். ஒவ்வொரு தரத்திலும் ஐந்து காடாவது வேண்டும். தீவிரத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. "உங்களுக்கு எது தோதோ அதையே போட்டுக்குங்க அம்மணி" என்று காட்டுக்காரர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பித்தம் தலைக்கேறியது.

கடைசியாக, அங்கே ஒரு கொறங்காடு வைத்திருந்த கிட்டுசாமி அண்ணனிடம் போனேன். உரம் போடுவதில்லை என்றார். பெருமூச்சு விட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அதன்பின் தண்ணீர் பாய்ந்தது, விதை தூவப்பட்டது, மாடுகள் காடு மாறின, மறந்துபோன உரம்கூட நினைவுக்கு வந்தது. பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாலு பேரும் மறுநாள் அப்படியே சொன்னார்கள். கோயமுத்தூர் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். (அந்தச் சிரிப்புக்கு இப்போதும் என்னை நானே அறையலாம்.)

ஆய்வேட்டை ஏற்பதற்கு முன் என் பேராசிரியர் கிட்டுசாமி அண்ணனின் காட்டை நேரில் பார்க்க வந்தார். சித்திரை வெயில். கிணறு இல்லை, வாய்க்கால் இல்லை, ஒரு குழாய்கூட இல்லை.

"தண்ணி எங்கேம்மா பாயுது?" என்றார்.

நான் கிட்டுசாமி அண்ணனைப் பார்த்தேன். அவர் பணிவாக என் பக்கம் குனிந்தார்.

"அம்மணி, இன்னைக்கு ஆமான்னு சொல்லோணுங்களா, இல்லைன்னு சொல்லோணுங்களா?"

பேராசிரியர் கையிலிருந்த ஆய்வேட்டை மூடிவிட்டார். கிட்டுசாமி அண்ணன் பதறிப்போய் எனக்காக வாதாட ஆரம்பித்தார். "புள்ள மொகம் வாடிப்போச்சுங்க. படிக்கற புள்ள, நாலு ஆமா சொன்னா நமக்கென்ன கொறஞ்சுபோயிரும்னு சொல்லிப்போட்டேனுங்க. பக்கத்துக் காட்டுக்காரங்களுக்கும் நாந்தானுங்க சொல்லி வெச்சேன்."

அத்தனை காட்டையும் முதலிலிருந்து மறுபடி கேட்டேன், வேலியைப் பார்த்துக்கொண்டே. பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

இந்தக் கதையை என் கணவர் சொல்லாத விருந்தாளி கிடையாது. இப்போது புதுசாக ஏதாவது சமைத்துப் போட்டு எப்படியிருக்கிறது என்று கேட்டால், என் மகள் தட்டிலிருந்து கையை எடுத்துவிடுகிறாள்.

"நீங்க மொதல்ல அந்தப் பக்கம் திரும்பிக்குங்கம்மா. அப்புறம் சொல்றேன்."