நானூறு முட்டைச் சுவர்

எண்பத்தொன்றாம் வருஷம் சிமெண்டு, பர்மிட்டுக் காகிதத்தில் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே அரசாங்கம் ஆழ்ந்து ஆலோசித்து, மண், செங்கல், சுண்ணாம்பு கொண்டு வீடு கட்டுவோருக்கு உடனே கரண்டு தரப்படும் என்று அறிவித்தது. இதைக் கவனிக்கத் திண்டிவனத்தில் 'இயற்கை இல்ல அலுவலகம்' திறந்தார்கள். அந்த அலுவலகத்தை முழுக்கச் சிமெண்டிலேயே கட்டினார்கள்.

வல்லத்துக்குப் பக்கத்தில் நேமிராஜ் அந்த அறிவிப்பை நம்பி, இருந்த வீட்டை இடித்தார். நம்பிவிட்டு அவர் கடலையைக் கவனிக்க மல்லாட்டைக் கொல்லைக்குப் போய்விட்டார். கவலைப்படுகிற வேலை பெண்டாட்டி பத்மாம்பாள் தலையில் விழுந்தது. ஏழு மாதமாகக் குடும்பம் மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. அதுவும் ஒழுகும். ஐப்பசி மழைக்குள் குடி போயாக வேண்டும்.

ஜைனக் குடும்பம். கிளிஞ்சலில் ஒரு காலத்தில் உயிர் இருந்ததே என்று, கல் சுண்ணாம்பாகப் பார்த்து வாங்கினாள் பத்மாம்பாள். கொத்தனார் பச்சைமுத்து அதில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசினார். முகம் பார்க்கலாம், சுவர் அப்படி மினுங்கியது.

இயற்கை இல்ல அலுவலகத்து ஓவர்சியர் சக்கரபாணி வந்தார். சுவரைப் பார்க்கவில்லை, படிவத்தைப் பார்த்தார்.

"பதினாலாம் இனம்: முட்டை, நானூறு. எங்கம்மா?"

"முட்டையா? எதுக்குங்க?"

"சுண்ணாம்புப் பூச்சுன்னா வெள்ளைக்கரு சேக்கணும். பெரிய ஆபீசர் செட்டிநாட்டு பங்களாவப் பாத்துட்டு வந்து எழுதினது."

"நாங்க ஜைனருங்க. அந்தப் பேரையே வூட்டுக்கு வெளிய வச்சிப் பேசுங்க."

"நான் கையெழுத்துப் போடற வரைக்கும் இது வூடே இல்லம்மா."

"செவுத்தத் தட்டிப் பாருங்க சார், கல்லு மாதிரி கீது," என்றார் பச்சைமுத்து.

"தட்டச் சொல்லி சர்க்குலர்ல இல்ல." சக்கரபாணி குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு? வெளிச்செவுத்துல? மேற்குப் பக்கமா?"

பத்மாம்பாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

'முட்டையில்லாச் சுவர் சுவராகுமா?' என்ற கேள்வியோடு கோப்பு விழுப்புரம் போனது. மேலிடம் மூன்று வாரம் சிந்தித்துப் பதில் எழுதியது: மனுதாரரின் மத உணர்வை முன்னிட்டு முட்டை சேர்க்கத் தேவையில்லை, சேர்த்ததாகக் கருதலாம். மேலிடம் கருதியதைக் கீழிடம் உறுதியே செய்துவிட்டது. கரண்டோடு ஒரு சான்றிதழும் வந்தது. வாசல் கதவில் அதை ஒட்டியே தீர வேண்டுமாம்.

'இவ்வில்லத்தின் சுவர்களில் நானூறு முட்டைகள் உள்ளன என்று இதனால் சான்றளிக்கப்படுகிறது.'

புதுமனை புகுவிழாவுக்கு நேமிராஜின் தங்கை ஞானமதி நாற்பது உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கதவில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். உள்ளே வைக்கத் தூக்கிய வலது காலை வெளியிலேயே வைத்தாள்.

"அண்ணி, இன்னா இது?"

"ஒண்ணுகூடப் போடலடி! சத்தியமா!"

"அப்ப கவருமெண்டு பொய் சொல்லுதா?"

ஆமாம் என்றால் கரண்டு போய்விடும். பத்மாம்பாள் இலைக்கட்டைக் கொட்டகைக்குத் தூக்கிப் போனாள். நாற்பது பேரும் கொட்டகையில் மாட்டுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட்டார்கள். புது வீட்டில் பல்பு மட்டும் குடியேறியது.

மறுநாள் பச்சைமுத்துவை இழுத்துக்கொண்டு திண்டிவனத்துக்கு பஸ் ஏறி, சக்கரபாணி முன்னால் போய் நின்றாள்.

"முட்டை இல்லன்னு எழுதிக் குடுங்க சார்."

"இருக்குன்னு எழுதினத இல்லன்னு எப்படிம்மா எழுதறது? எடுத்தாச்சுன்னு வேணா எழுதலாம்."

"அப்படியே எழுதுங்க, மவராசனா இருப்பீங்க."

"எடுத்த முட்டைய இங்க ஒப்படைக்கணும்."

"போடாத முட்டைய எப்படிங்க எடுக்கறது?"

"அது கொத்தனார் பாடு. ஆனா ஒண்ணு, ஒடையாம எடுக்கணும்."

வெளியே தூறல் ஆரம்பித்துவிட்டது. பச்சைமுத்து சந்தைக்கு நடந்தார். பத்மாம்பாள் அலுவலகத் தாழ்வாரத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். கூடை கூடையாக வந்து இறங்கியதை அலுவலகமே எழுந்து நின்று வாங்கி, ஆளுக்குக் கொஞ்சம் 'ஆய்வுக்காக' வீட்டுக்கு எடுத்துப் போனது.

'மேற்படி முட்டைகள் முற்றிலும் அகற்றப்பட்டன' என்ற புதுச் சான்றிதழ் கதவில் ஏறியது. மறு விருந்துக்கு வந்த ஞானமதி படித்தாள். நாற்பது பேரும் உள்ளே வந்து இலை முன் உட்கார்ந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் ஞானமதி கையை நிறுத்தினாள்.

"அண்ணி, உங்க வூட்டுல முட்டை இல்லன்றதுக்குக் காயிதம் கீது. எங்க வூட்டுக்கு இன்னா கீது? கட்டனவன் இன்னாத்தப் போட்டானோ!"

நாற்பது பேரும் இலையை மூடிவிட்டு எழுந்தார்கள்.

அந்த மாதம் திண்டிவனம் சந்தையில், முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு முட்டைகூடக் கிடைக்கவில்லை. சாப்பிடாதவர்கள்தான் ஆளுக்கொரு கொத்தனாரைக் கூடையோடு முன்னால் நிறுத்தி, இயற்கை இல்ல அலுவலகத்து வாசலில் கண்ணை மூடிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.