மேடு ஏறினா ஆயில் கொதிக்கும்

"பொய்யா? நானா? அத்தை, என்ன வார்த்தை சொல்லிட்டீங்க! உங்க வீடு மலை மேல இருக்கறது என் தப்பா? வண்டி மேடு ஏறினா ஆயில் கொதிக்குது. இன்ஜின் வயிறு முழுக்கப் புகை. வெளிய போக வழியில்லாம முட்டுது. இல்ல அத்தை, வெந்நீர் குடுத்தா சரியாகாது. அதுக்கு வாய் இல்ல. வெக்கிறேன்."

போனை வெச்சாரு ஆயில் டாக்டர். ரேஸ் காருங்களோட இன்ஜினைக் குளிர வெக்கறதுதான் தொழில். அதனால வந்த பேரு. தன் வண்டியில முன்பக்கம் ஆயில் கூலர் மாட்டியிருந்தாரு. இன்ஜினுக்குள்ள முட்டுற புகையைக் குழாய்ல இழுத்து, அதுல கலந்திருக்கற ஆயிலைப் பிடிச்சு வெக்க ஒரு டப்பாவும் வெச்சிருந்தாரு. வெயில்ல நாள் பூரா ஓட்டினாலும் வண்டி சாந்த சொரூபம். மாமியாரைக் கூட்டிட்டு வரணும்னா மட்டும் பாவம், அதுக்குக் காய்ச்சல் வந்துடும்.

"ஏங்க, கூலர் மாட்டினா கொதிக்காதாமே?"ன்னு பொண்டாட்டி கேட்டாங்க.

"யாரு சொன்னா?"

"நீங்கதான். தூக்கத்துல."

"அது... அதெல்லாம் பெரிய வண்டிக்கு. நம்ம வண்டிக்கு இன்னும் பார்ட் வரல."

"அப்ப ஞாயித்துக்கிழமை எங்கம்மாவைக் கூட்டிட்டு வர?"

"பட்டறையில படுத்திருக்கும்."

"வண்டியா, நீங்களா?"

"ரெண்டும்தான்!"

"சரிங்க."

பொண்டாட்டி இவ்வளவு சுலபமா "சரிங்க"ன்னு சொன்னா பயப்படணும். நம்மாளு விசில் அடிச்சாரு.

ஞாயித்துக்கிழமை அவர் வண்டியோட போனது பட்டறைக்கு இல்ல, ரேஸ் மைதானத்துக்கு. ஒரு டீம் முதலாளி வர்றாரு. வேலை பிடிச்சுப்போனா, டீமோட மொத்த வண்டியும் இனிமே டாக்டர் கையிலதான். கூட்டம் சேரட்டும்னு போன்ல இருக்கற எல்லாருக்கும் அழைப்பு தட்டிவிட்டாரு. எல்லாருக்கும்னா, எல்லாருக்கும். மேதை!

விரட்டி விரட்டி ஓட்டிக் காட்டிட்டு, பானெட்டைத் தூக்கினாரு.

"பாருங்க சார், சூடு காட்டற முள்ளு அசைஞ்சுதா? புகை ஒரு சொட்டு ஆயிலைக் கூடத் திருடிட்டுப் போக முடியாது, இந்த டப்பா பிடிச்சுக்கும். நாலு பேரை ஏத்திக்கிட்டு மலை உச்சிக்கே போலாம்!"

முதலாளி தலையாட்டினாரு. குலுக்கறதுக்குக் கையை நீட்டினாரு.

"ஐயோ, எல்லாரும் தள்ளி நில்லுங்க!"

கூட்டம் விலகிச்சு. பொண்டாட்டி. பக்கத்துல அத்தை. அத்தை கையில பொட்டி.

"சார், கிட்ட போகாதீங்க. இந்த வண்டி ஆயில் கொதிச்சு, புகை முட்டி, எப்ப வேணா வெடிக்கும். இவரே எங்கம்மாகிட்ட சொன்னாரு. பொய் சொல்ற மனுஷன் இல்லைங்க இவரு."

முதலாளி நீட்டின கையைப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டாரு.

"ஏய், அது வந்து... வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"வீட்டுல எதுக்கு? இவ்வளவு பேரை நீங்கதானே கூப்பிட்டீங்க? எனக்கும் அழைப்பு வந்துச்சு."

"மாப்பிள்ளை, வெந்நீர் குடுத்துப் பாத்தீங்களா?"ன்னு அத்தை அக்கறையா கேட்டாங்க.

டாக்டர் நெத்தியில வேர்வை ஊத்துச்சு. அதைக் குளிர வெக்க இன்னும் எவனும் கூலர் செய்யல.

"முழிக்காதீங்க. எங்கம்மா பொட்டியை வண்டிக்குள்ள வெக்கலாமா, இல்ல சார் வேற ஆளைப் பாத்துக்கலாமா? எல்லாருக்கும் கேக்கணும், சத்தமா சொல்லுங்க!"