இருநூறு கலோரி

"இதுல எத்தனை கலோரிங்க இருக்குது?"

கேட்டவர் சாம்பல் நிற சஃபாரி போட்டிருந்தார். கக்கத்தில் தோல்பை, கையில் நீளமான நோட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒரு பேனா வைத்திருப்பவரைப் பார்த்தாலே பெரியநாயகம் எழுந்து நின்றுவிடுவார். இவரிடம் இரண்டு இருந்தன.

"கலோரியெல்லாம் நாங்க போடறதே இல்லீங்க" என்றார் பெரியநாயகம் அவசரமாக. "பன்னு, பன்னிக்கறி, வெங்காயம், மொளகுத்தூளு. அவ்வளவுதான். கலப்படம்னா என்னான்னே தெரியாதுங்க. மாதா சத்தியமா!"

சஃபாரிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு நோட்டில் எதையோ எழுதினார்.

"விசாரிச்சு நாளைக்குச் சொல்லுங்க. கணக்கு தெரியாம நான் ஒண்ணும் பண்ண முடியாது. இப்ப ஒண்ணு கட்டுங்க. மூணு காகிதம் சுத்தி நூல் போட்டுக் கட்டணும். வாசனை துளிகூட வெளிய வரக் கூடாது."

வாங்கிய பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் தோல்பைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு அவர் போய்விட்டார்.

தர்மபுரி பஸ் நிலையத்துக்கு எதிரே, தகரக் கூரையின் கீழ் இருந்தது 'பெரியநாயகம் ஃபாஸ்ட் ஃபுட்'. பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலின் சமையல்கட்டில் பன்னிரண்டு வருஷம் வெந்து, அந்தச் சம்பாத்தியம் முழுவதையும் போட்டு அவர் ஆரம்பித்த கடை. உப்பில் ஊறிப் புகையில் காய்ந்த பன்றிக்கறியைக் காகிதம் போலச் சீவி, கல்லில் முறுகவிட்டு, பன்னுக்குள் வைத்துக் கொடுப்பார். பேக்கன் பன் என்று பெயர். சேலம் ரோட்டில் போகிற லாரிக்காரர்கள் அதற்காகவே வண்டியை ஓரங்கட்டுவார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. லைசன்சைப் புதுப்பிக்க இரண்டு வாரம் முன்புதான் மனுக் கொடுத்திருந்தார்.

"சாப்பிடாமக் கட்டிக்கிட்டுப் போனாரா? நூல் வேற போட்டா?" என்று கேட்டார் பக்கத்து டீக்கடை மாரியப்பன். "அப்ப அது சாம்பிளுங்க. ஃபுட் இன்ஸ்பெக்டருங்க அப்படித்தான் எடுப்பாங்க. நேரா மெட்ராசு லேபுக்குப் போவும். அங்க பிரிச்சி மேஞ்சிடுவாங்க."

"என்னாத்தப் பிரிப்பாங்க?"

"கலோரியத்தான்."

தாலுகா ஆபீஸ் பக்கமிருந்து ஒலிபெருக்கி அலறியது. இண்டூர் வழியாகப் பாப்பாரப்பட்டிக்கு இன்னொரு டவுன் பஸ் கேட்டு, பயணிகள் சங்கத் தலைவர் கிருஷ்ணப்பன் சாகும் வரை உண்ணாவிரதம் உட்கார்ந்து அன்று இரண்டாவது நாள். பாவம், மனுஷர் பச்சைத் தண்ணீரோடு கிடக்கிறார், நமக்கு இருப்பதெல்லாம் ஒரு கஷ்டமா என்று பெரியநாயகம் தன்னைத் தேற்றிக்கொண்டார். தேறவில்லை.

பயம் ஒரு பக்கம் இருந்தாலும் அவருக்கு ஆவலும் தொற்றிக்கொண்டது. இத்தனை வருஷமாக அறுத்து, ஊறவைத்து, வாட்டிய சரக்கு. அதற்குள் தனக்குத் தெரியாத ஒன்று உட்கார்ந்திருக்கிறதாமே! ஒரு கறித்துண்டை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கொழுப்பு கண்ணாடி மாதிரி மின்னியது. கலோரி தெரியவில்லை.

வீட்டில் மனைவி மதலேனம்மாளிடம் கேட்டார். அவள் சத்துணவு அமைப்பாளர். கலோரியோடு தினமும் மல்லுக்கு நிற்பவள்.

"ஒரு புள்ளைக்கு நானூறு கலோரி போவணும்னு கணக்குங்க" என்றாள் அவள். "கொறஞ்சா ஆபீசருங்க உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க. கூடிப்போச்சுன்னு இதுவரைக்கும் யாருக்காச்சும் நோட்டீசு வந்திருக்குதா?"

"வந்ததில்ல."

"அப்ப வாயில கொறச்சுச் சொல்லுங்க. பன்னுல கூட்டி வையுங்க. லேபுல பாக்கறவன், அட, சொன்னதுக்கு மேலயே இருக்குதேன்னு சந்தோசமா எழுதிட்டுப் போறான்."

இப்படி ஒரு மூளை நம் வீட்டிலேயே இருக்கிறதே என்று பெரியநாயகம் பூரித்துப்போனார்.

மறுநாள் சஃபாரிக்காரர் வந்ததும் வராததுமாக, "இருநூறு கலோரிங்க. அதுக்கு மேல ஒண்ணு இருக்காது" என்றார்.

சஃபாரிக்காரரின் முகம் மலர்ந்தது. "இருநூறுதானா? நெசமாவா? அடடே! அப்ப ரெண்டாக் கட்டுங்க."

இரண்டு சாம்பிள்! பெரியநாயகம் இரண்டு பன்னிலும் கறியை இரட்டிப்பாக அடுக்கினார். வெண்ணெயை அப்பினார். பன்னுக்கு ஒரு அவித்த முட்டையையும் உள்ளே தள்ளி, மூன்று காகிதம் சுற்றினார்.

புதன்கிழமை காலையில் வந்தபோது சஃபாரிக்காரர் முகத்தில் ஈ ஆடவில்லை.

"நீங்க சொல்ற கணக்கும் நான் பாக்கற கணக்கும் ஒத்து வரலியே? இருநூறு இருநூறுதானா?"

பெரியநாயகம் பன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வைத்தும் லேபில் குறைகிறதா? "இருநூறேதானுங்க" என்று சொல்லிக்கொண்டே, திரும்பி நின்று இன்னும் நாலு துண்டைச் செருகினார். பொரித்த கொழுப்பை ஒரு கரண்டி ஊற்றி, வேர்க்கடலைப் பொடியையும் தூவினார். பன் மூடவில்லை. நூல்தான் மானத்தைக் காப்பாற்றியது.

அன்று சாயந்திரம் அவர் உயர்நிலைப் பள்ளி அறிவியல் வாத்தியார் தீர்த்தகிரியைக் கையோடு அழைத்து வந்தார்.

"கலோரிங்கறது போடற சாமானில்லீங்க" என்றார் வாத்தியார். "அது சூடு. சாப்பாட்டை எரிச்சா எவ்வளவு தண்ணி சூடாவுதோ, அதை வச்சுக் கணக்குப் போடலாம்."

"அப்ப வயித்துக்குள்ள அடுப்பு எரியுதுங்களா?"

"ஒரு வகையில அப்படித்தான்."

பெரியநாயகம் தன் தொப்பையைப் புது மரியாதையோடு பார்த்துக்கொண்டார். உள்ளே அடுப்பு. இவர் இத்தனை நாளாக அதற்கு விறகு விற்றுக்கொண்டிருக்கிறார்! இதைப் பெங்களூர் ஓட்டலில் ஒருவராவது சொன்னார்களா?

கடைக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி, பால்பவுடர் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டார்கள். காலையில் கட்டிய அதே மாதிரி ஒரு பன்னைக் கம்பியில் குத்திப் பற்றவைத்தார் வாத்தியார். பன் முதலில் கொஞ்சம் யோசித்தது. பிறகு கொழுப்பில் தீ பிடித்ததும் தீவட்டியாக எழுந்தது. தண்ணீர் தளதளவென்று கொதித்து வழிந்தது. பின்வேலி ஓலை ஓரத்தில் கருகியது. மாரியப்பன் ஒரு குடம் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"எத்தனைங்க? எத்தனை?" என்று இருமிக்கொண்டே கேட்டார் பெரியநாயகம்.

வாத்தியார் புகைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "தெரியலீங்க. தண்ணி பூரா கொதிச்சு வெளிய போயிருச்சு. பன்னு இன்னும் பாதி எரியவே இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். இருநூறுன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லாதீங்க."

பெரியநாயகத்துக்கு அப்படியே கண் கலங்கிவிட்டது. தன் பன்னுக்குள் இத்தனை நெருப்பா என்று பெருமை. ஆக, குறை சரக்கில் இல்லை. லேபில்தான் ஏதோ கோளாறு. அதற்கும் மருந்து ஒன்றுதான். லேபுக்காரன் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் தெரிகிற அளவுக்கு வைத்துவிட வேண்டியதுதான்.

வியாழக்கிழமை அவர் கட்டிய பொட்டலங்கள் தோல்பைக்குள் நுழையவில்லை. சஃபாரிக்காரர் பையிலிருந்த நோட்டை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அவற்றை அமுக்கித் திணித்தார். முகம் வெளிறியிருந்தது.

"நாளைக்குப் பெரியவங்கெல்லாம் நேர்ல வந்து பாக்கப் போறாங்க. அப்ப எதையும் மறைக்க முடியாது. உங்க வாக்கை நம்பித்தான் இருக்கறேன். இருநூறுதானே?"

"இருநூறுக்கு ஒரு குந்துமணி கூடாதுங்க" என்றார் பெரியநாயகம்.

வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் சுத்தபோசனம். கவிச்சி கிடையாது. கடையும் பூட்டுத்தான். பெரியவர்கள் வந்து பூட்டிய கடையைப் பார்த்தால் ஓடிவிட்டான் என்றல்லவா எழுதுவார்கள்? ராத்திரியெல்லாம் புரண்டு, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கிருஷ்ணப்பன் காலில் விழுந்துவிடுவது. ஊருக்காக உயிரை விடத் துணிந்த மனுஷர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் எந்த இன்ஸ்பெக்டர் தட்டுவார்?

உண்ணாவிரதப் பந்தலில் அன்று எள் போட இடமில்லை. ஆறாவது நாள். முதல் நாள் எடை பார்த்துக் குறித்துக்கொண்டு போன டாக்டர் மறுபடி வந்திருந்தார். தாசில்தாரும் வந்திருந்தார். போர்வைக்குள் சுருண்டு கிடந்த தலைவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து எடை மிஷினில் ஏற்றினார்கள். பெரியநாயகம் மாதாவை நினைத்து மனசுக்குள் அருள்நிறை மந்திரம் சொன்னார்.

டாக்டர் முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். தலைவரை இறக்கிவிட்டுத் தானே ஏறி நின்று பார்த்தார். மறுபடி தலைவரை ஏற்றினார். பிறகு ஒரு சீட்டில் எழுதி மைக் பிடித்திருந்தவரிடம் நீட்டினார்.

"ஆறு நாட்களாகப் பச்சைத் தண்ணீர் மட்டுமே பருகி, உடல் மெலிந்து, உருக்குலைந்து போன நமது தலைவரின் எடை..." என்று முழங்கியவர், சீட்டைப் பார்த்து நிறுத்தினார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "இரண்டரைக் கிலோ கூடியிருக்கிறது."

தாசில்தார் மெல்ல எழுந்து தலைவரின் கன்னத்தைக் கூர்ந்து பார்த்தார். பெரியநாயகத்துக்கோ மெய் சிலிர்த்தது. சாப்பிடாமலே ஒரு மனுஷர் உடம்பு தேறுகிறார் என்றால் அது மாதாவின் அற்புதம் அல்லாமல் வேறென்ன? கையைக் கூப்பிக்கொண்டு இரண்டு அடி முன்னால் போனார்.

அங்கேயே கால் நின்றுவிட்டது. தலைவரின் முதுகுக்குப் பின்னால் சாம்பல் நிற சஃபாரி. அந்த இரட்டைப் பேனாக்காரர் கூட்டத்துக்குள் பெரியநாயகத்தைக் கண்டுபிடித்து, எரித்துவிடுவது போல முறைத்துக்கொண்டிருந்தார்.

பெரியநாயகம் பக்கத்தில் துடைப்பத்தோடு நின்ற, பந்தல் கூட்டும் முனியம்மாளின் மறைவில் பதுங்கினார். "ஏம்மா, அந்த இன்ஸ்பெக்டரு இங்கயும் வந்துட்டாரா?"

"இன்ஸ்பெக்டரா? அது தலைவரோட மச்சானுங்க, ஓசூர்ல இருந்து வந்திருக்காரு" என்றாள் முனியம்மாள். "பாவம், தெனமும் காலையில நூல் கட்டுன பொட்டலத்துல மருந்து கொண்டாந்து, தலைவருக்குப் போர்வைக்குள்ளயே வச்சுக் குடுக்கறாரு. என்னா மருந்தோ போங்க, அந்த வாசத்துக்கு எனக்கே பசிக்குது!"