சக்கரவர்த்தியின் மூக்குக்குச் சிவப்பு

பாரிஸ், 24 நவம்பர் 1870

தூர் நகராட்சியில் குமாஸ்தாவாக வீற்றிருக்கும் மகா மரியாதைக்குரிய அண்ணன் ப்ரோஸ்பேருக்கு, தங்கை சிடோனி வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. நான் நலம். உன் நலமும் உன் தொந்தியின் நலமும் அறிய ஆவல். எங்கள் ஊரில் அந்தப் பொருள் இப்போது கிடைப்பதில்லை. கடிதம் பலூனில் வருகிறது. ஊரைச் சுற்றி வளைத்திருக்கும் பிரஷ்யாக்காரர்கள் சுடாமல் விட்டால் நீ படிப்பாய், சுட்டுவிட்டால் அவர்கள் படிப்பார்கள். அவர்களையும் விசாரித்ததாகச் சொல். எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதே, வீட்டில் உன்னைத்தான் படிக்க வைத்தார்கள்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பெலூ முதலாளியின் அச்சகத்தில் கேலிப்படங்களுக்குச் சாயம் பூசுகிறேன். செடான் போரில் பிரஷ்யாக்காரர்களிடம் வாளை நீட்டிச் சரணடைந்தாரே நம் சக்கரவர்த்தி, அவரைத்தான் தினம் ஒரு கோலத்தில் அச்சடிக்கிறார்கள். ஒரு நாள் கழுகு, ஒரு நாள் பன்றி, நேற்று பால்கொடுக்கும் ஆயா. மேசையைச் சுற்றி நாலு பெண்கள், ஆளுக்கு ஒரு நிறம், தாள் கை மாறி வரும். எனக்குப் பக்கத்தில் இருப்பவள் பெயர் ஓதில், அவளுக்கு நீலம். நான் சிவப்பு, அதாவது சக்கரவர்த்தியின் மூக்கும் சிப்பாய்களின் கால்சட்டையும் என் இலாகா. நாளுக்கு முந்நூறு மூக்கு. மத்தியானம் குதிரைச் சூப். குதிரை எங்கேடி என்றால், "சண்டைக்குப் போயிருக்கு, வந்ததும் போடுவாங்க" என்கிறாள் ஓதில்.

போன செவ்வாய் வந்தது சரணடையும் படம். முன்னால் சக்கரவர்த்தி வாளை நீட்டுகிறார், பின்னால் பிடிபட்ட சிப்பாய்கள் கடுகு கடுகாக நிற்கிறார்கள். என் மகன் அர்மானும் அன்று அங்கேதான் இருந்தான், பிறகு ஒரு வரி இல்லை என்பது உனக்குத் தெரியும். மூன்றாவது சிப்பாய்க்குக் காது விடைத்துக்கொண்டிருந்தது, அர்மானுக்கு இருப்பதுபோல, அதாவது உனக்கு இருப்பதுபோல. ஓதிலிடம் ஒரு சொட்டு நீலம் வாங்கி அவன் கழுத்தில் ஒரு துணி சுற்றினேன். அடுத்த தாளிலும் சுற்றினேன். இருநூறு தாளுக்கும் சுற்றினேன். அந்த மும்முரத்தில் மூக்கை மறந்துவிட்டேன்.

அச்சகத்து வாசல் கடையில் படத்தை மாட்டினால் ஒருவரும் சிரிக்கவில்லை. மூக்கில் சிவப்பு இல்லாவிட்டால் அவர் யாரோ ஒரு நோயாளிக் கிழவர், பார்வை அவரைத் தாண்டிப் பின்னால் போய்விடுகிறது. ஒரு பெண் கடைக் கண்ணாடியில் விரலை வைத்து ஒவ்வொரு சிப்பாயாகத் தேடிக்கொண்டிருந்தாள். முதலாளி தாளோடு வந்தார்.

"சிடோனி, மூக்கு எங்க?"

"மறந்துட்டேன் முதலாளி."

"இவனுக்கு மட்டும் எதுக்குக் கழுத்துல துணி?"

"குளிருது முதலாளி."

"ஏம்மா, நான் சிரிப்பு விக்கிறவன். அழுகை இந்த ஊர்ல சும்மாவே கெடைக்குது, அதை எவன் காசு குடுத்து வாங்குவான்?"

"விடுங்க முதலாளி, அது அவ புள்ள" என்றாள் ஓதில்.

அவர் தாளை என் முன்னால் வைத்தார். "மூக்க வச்சிடு. துணி இருக்கட்டும்" என்று போய்விட்டார். அன்றே இருநூறு மூக்கையும் வைத்தேன். மறுநாள் கடை வாசலில் ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் நின்று சிரித்தேன் அண்ணா, எல்லோரையும்விடச் சத்தமாக.

இத்துடன் தபால் அட்டை ஒன்று இருக்கிறது. நாலு கேள்வி நான் கேட்கலாம். ஆம், இல்லை என்று மட்டும் நீ எழுதினால் புறா கொண்டுவருமாம். ஒன்று, உன் கால்வீக்கம் வடிந்ததா. இரண்டு, அண்ணி இன்னும் உன்னைச் சகித்துக்கொண்டிருக்கிறாளா. மூன்று, வெண்ணெய் தின்னும்போது எங்களை நினைக்கிறாயா. நான்கு, அர்மான் உயிரோடு இருக்கிறானா. கைதிகளின் பட்டியல் உன் அலுவலகத்துக்கு வருகிறதாமே. எதுவானாலும் மறைக்காதே. முந்நூறு மூக்கைத் தாங்குகிறவள் ஒரு சொல்லைத் தாங்கமாட்டேனா.

அண்ணிக்கு என் அன்பு. கர்த்தர் முதலில் உங்களைக் காக்கட்டும், எங்களிடம் மெதுவாக வரட்டும்.

தங்கை,
சிடோனி

பின்குறிப்பு: நாலாவது கேள்வியை அட்டையில் அடித்துவிட்டு வேறு எழுதியிருக்கிறேன். அர்மான் மீசை வைத்திருக்கிறானா? பத்தொன்பது ஆகிறது, முளைத்திருக்கும். ஆம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி. இரண்டில் ஒன்றை எழுது அண்ணா.